ஜெசியின் கையளவு

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். காஸ்பர் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே பலகைகளில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருக்கும். வர்ணம் பூசாத மேய்ப்பர்கள், ஒட்டகங்கள், ஆடுகள், மூன்று வரிசை. அவற்றுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமி, "வணக்கம் புள்ளைங்களா" என்பார். அதற்கு மேல் மறந்துபோயிருக்கும். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்தில் தொடராமல், மறுபடி "வணக்கம் புள்ளைங்களா" என்றுதான் ஆரம்பிப்பார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் அவர் அச்சுக்காரர். இருபத்திரண்டு வருஷமாக இதே ஷெட். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, ஈரம் இழுத்ததும் பிரித்தெடுப்பது வேலை. புது அச்சு செய்வதும் அவர்தான். சூளையில் வெந்தால் மண் சுருங்கும், எட்டில் ஒரு பங்கு போய்விடும். அந்தச் சுருக்கத்துக்கு எவ்வளவு கூட்டிவிட வேண்டும் என்று ஸ்கேல் வைக்காமல் கண்ணாலேயே சொல்லிவிடுவார். சொன்னால் தப்பாது. மற்றபடி பேச்சு கிடையாது. எப்படி இருக்கீங்க என்றால் "ஓடுது" என்பார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அதே "ஓடுது"தான்.

அப்படிப்பட்ட ஆள் மேஜிக் ஷோ நடத்தப் போகிறார் என்று தெரிந்த அன்றைக்குச் சூளை பார்க்கிற பாண்டியன் புரையேறும்வரை சிரித்தான். "நீ முதல்ல வாயத் தொறக்குறதே மேஜிக்கு தான்யா" என்றான். காஸ்பர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

விஷயம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் நாலு வயது மகள் ஜெசியை உட்காரவைத்து, இதோ வந்துர்றேன் என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பெஞ்சு காலி. அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் திட்டக்குடி பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் போலீஸ்காரரிடம் கொண்டுபோய் விட்டிருந்தார். அன்றைக்கே அவர் மனைவி ரோசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்ணாடத்தில் தன் தம்பி ஜூடு வீட்டுக்குப் போனதுதான், திரும்பவில்லை. காஸ்பர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதை யாரிடமும் அவர் சொல்லிக்கொண்டதில்லை. டீக்கடைக்காரருக்குத் தெரியும், ஒரு நாளைக்கு ஏழு டீ.

ஜெசிக்கு இப்போது எட்டு முடிகிறது. பிறந்தநாளுக்கு வரலாமா என்று ஜூடு மூலம் கேட்டு, கேட்டு, கடைசியில் ஒரு சால்ஜாப்போடு கேட்டார். பிள்ளைகளுக்கு மேஜிக் காட்டுகிறேன், காட்டிவிட்டுப் போய்விடுகிறேன் என்று. செல்போனில் பார்த்துப் பழகிய நாலு வித்தைதான் கையில் இருந்தது. ரெண்டு நாள் கழித்து ஜூடு போன் பண்ணினான்.

"அக்கா வரட்டும்னுச்சு மச்சான். ஆனா அப்பான்னு யாரும் புள்ளைக்கு சொல்லித்தரக் கூடாதாம். அதுவா கண்டுபுடிச்சா கண்டுபுடிக்கட்டுமாம்."

அன்றிலிருந்து காஸ்பருக்குச் சாப்பாட்டு வேளை இல்லை.

அவர் ஷோவில் ஒரு விசேஷம் உண்டு. எதுவும் மறையாது. காலிப் பையிலிருந்து பீங்கான் முட்டை வரும், காகிதக் கூம்பிலிருந்து மிட்டாய் வரும், கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு பொம்மை ஆடு வரும். போர்வைக்குப் பின்னால் ஆளே மறைகிற வித்தை ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் வாயைப் பிளக்கும், நான் போர்வை பிடிக்கிறேன் என்று பாண்டியன் ஆசையாகச் சொல்லிப் பார்த்தான். காஸ்பர் முகம் மாறிப்போயிற்று. "மறையறது வேணாம்பா. வர்றது போதும்" என்றார்.

கடைசி வித்தைக்குத்தான் மற்றதெல்லாம். அது வித்தைகூட இல்லை. முன்பெல்லாம் வேலை விட்டு வீட்டுக்குப் போனதும் இரண்டு கையையும் மூடிக்கொண்டு ஜெசிக்கு முன்னால் குந்துவார். "எந்தக் கை?" என்பார். பிள்ளை ஒன்றைத் தட்டும். உள்ளே ஏதாவது இருக்கும். மண்ணில் பிடித்த குருவி, பொத்தான், பிள்ளையின் பெயரில் முதல் எழுத்து. ஒரு நாளும் தப்பான கையைத் தட்டவிட்டதில்லை. இரண்டிலுமே வைத்திருப்பார்.

ஷோ முடிவில் ஏதாவது ஒரு பிள்ளை வாங்க என்று கூப்பிட வேண்டும். ஜெசி வர வேண்டும். குந்தி உட்கார்ந்து, எந்தக் கை என்று கேட்க வேண்டும். அதற்காக ஒரு பீங்கான் வளையல் வார்த்து, சூளையில் வேகவைத்து எடுத்தார். அதை மூடிய கையில் வைத்து, ஒட்டகங்களுக்கு நடுவே தினமும் குந்துவார். நீட்டிய கை அவர் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். அங்கே ஒரு பிள்ளை நிற்பதுபோல முகத்தைத் தாழ்த்திப் பார்ப்பார். "எந்தக் கை?" அதை மட்டும் காகிதம் பார்க்காமல் சொல்வார்.

அந்த வளையலைப் பூப்போடக் கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. வர்ணம் தீட்டுகிற கனகா அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாள்.

"புள்ள எத்தினியாவது படிக்குதுண்ணே?"

"மூணாவது."

"என் துர்காவும் மூணாவதுதான். இது அவ கையில ஏறாதே."

காஸ்பர் ஒத்துக்கொள்ளவில்லை. அளவில் அவரிடம் யாரும் தப்புச் சொன்னதில்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். ரோடு தாண்டும்போது ஜெசியின் மணிக்கட்டை இப்படித்தான் பிடிப்பாராம், விரல் முனை இரண்டும் சரியாக இந்த இடத்தில் வந்து முட்டுமாம். அந்த அளவுக் கையில் வளையல் ஏறுகிற மாதிரி கணக்குப் போட்டு, வேகிறதில் சுருங்குவதற்கும் சேர்த்துக் கூட்டித்தான் அச்சு செய்தாராம்.

கனகா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "மண்ணு சுருங்குறதுக்கு வுட்டீங்க சரி. புள்ள வளந்துருக்குமேண்ணே."

அவர் விரலைப் பிரிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூடு ஒருதரம் போட்டோ அனுப்பியிருந்தான், வெறும் முகம். முகத்தில் கையளவு தெரியாது. அன்று மாலை வரை வார்த்ததில் நாலு மேய்ப்பர்களுக்குக் கால் ஒடிந்தது.

மறுநாள் கனகா அளவுக்காகத் துர்காவின் சிவப்பு பிளாஸ்டிக் வளையலைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கிறது, புது அச்சு செய்து, வார்த்து, அவசரப்படாமல் காயவைத்து வேகவைத்து எடுக்கலாம். காஸ்பர் சாப்பாட்டு மணிக்கு வளையலோடு பின்னால் போனார். கனகாவும் தன் சோற்றை எடுத்துக்கொண்டு பின்வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

வளையலை உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தார். மூடவில்லை. சின்னது முழுசாக ஒளிந்த கையில் இது இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. விரலை எப்படி மடக்கினாலும் சிவப்பு தெரிந்தது.

"வெளிய தெரியுதுண்ணே. பாத்த ஒடனே எந்தக் கைன்னு சொல்லிரும்."

"தெரியட்டும்" என்றார் காஸ்பர்.

பிறகு வழக்கம்போல ஒட்டகங்களுக்கு முன்னால் குந்தப் போனவர், பாதியில் நின்று, "துர்கா எம்மாம் ஒசரம் இருக்கும்?" என்று கேட்டார். கனகா எழுந்து நின்று, சோற்றுக் கையாலேயே தன் நெஞ்சுக்கு நேராகக் காட்டினாள். காஸ்பர் குந்தவில்லை. லேசாகக் குனிந்தார். முழங்காலுக்கு மேலே நின்ற கையை ஒரு சாண் உயர்த்தினார். யோசித்து, இன்னும் நாலு விரல் உயர்த்தினார். மூடாத அந்தக் கையை அங்கேயே நிறுத்திக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், அதற்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.