மூன்று மாதத்தில் நடப்பாரா: சல்லியிலிருந்து கட்டைபறிச்சான் வரை ஒருவரைத் தேடி

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கடற்கரை, சாப்பாட்டுக் கடை, பஸ் நேரம் என்றுதான் எழுதுவேன். இதிலும் அவை கொஞ்சம் இருக்கின்றன. ஆனால் இந்த முறை நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, யோகராசா என்ற மீனவர் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் நடக்கிறாரா என்று பார்த்துவரப் போனேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கான் எடுக்கும் வேலை செய்கிறேன். எந்த இடம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. எங்கள் டொக்டர் ஒருவர் ஒரு கணினி நிரலைப் பரீட்சித்துப் பார்க்கிறார். பாரிசவாதம் வந்து ஒருவரைக் கொண்டுவந்ததும் மூளையைப் படம் எடுக்கிறோம், இரத்தம் எடுக்கிறோம். படத்தில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது, இரத்தத்தில் சீனி எவ்வளவு, அழற்சியைக் காட்டும் புரதம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, எல்லாவற்றையும் கொடுத்தால், இவர் மூன்று மாதம் கழித்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். சொன்னது சரிதானா என்று அறிய மூன்று மாதம் கழித்து அந்த ஆளைக் கேட்க வேண்டும். பதிலுக்கு ஏற்ப ஓர் எண் போடுவோம். பூச்சியம் என்றால் ஒரு குறையும் இல்லை. ஆறு என்றால் இறந்துவிட்டார். கேட்டு எண் போடுவது என் வேலை. அநேகமாகப் போனிலேயே முடிந்துவிடும்.

யோகராசாவின் போன் வேலை செய்யவில்லை. ஐந்து நாள் அடித்துப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் "தொடர்பு இல்லை" என்று போட்டு மூடிவிடலாம் என்றார் டொக்டர். அவருக்கு அது பட்டியலில் ஒரு வரி. எனக்கு அப்படியில்லை.

அவரைப் படம் எடுத்த அன்று நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்திருந்தேன். நிரல் தரும் எண் ஆராய்ச்சிக்கு மட்டும்தான். நோயாளிக்கோ வீட்டாருக்கோ சொல்லக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அன்று அவருடைய மனைவி ஸ்கான் அறை வாசலில் நின்று, "இவர் நடப்பாரோ மிஸ்?" என்று கேட்டார். திரையில் எண் இருந்தது. பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பின்னால் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். "கஷ்டம் அக்கா, நடக்கிறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். முழுவதும் ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. ஆனால் மூன்று மாதமாக அந்த நிமிடம் என்னை விடவில்லை. சமைக்கும்போது, சீப்பால் தலை இழுக்கும்போது, ஒன்றுமில்லாத நேரங்களில் வந்து நிற்கும்.

காலை 7.10க்கு ஸ்கூட்டியில் வெளிக்கிட்டேன். நகரத்தில் இருந்து சல்லி என் மீற்றரில் ஏழு கிலோமீற்றர் காட்டியது. நிலாவெளி வீதியால் போய் சாம்பல்தீவுப் பக்கம் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், எட்டு மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிடும். நான் கோவிலுக்குள் போகவில்லை. வெளியில் நின்று கும்பிட்டேன். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

கோப்பில் இருந்த விலாசத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. முற்றத்தில் சருகு. பக்கத்து வளவில் ஒரு அம்மா வலையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவையள் இப்ப இஞ்ச இல்லைப் பிள்ளை. மனுசியின்ட தமையன் கட்டைபறிச்சானில இருக்கிறார். அங்க கூட்டிக்கொண்டு போயிட்டார்."

"அவர் எப்பிடி அம்மா? எழும்பி இருந்தவரோ?"

"போகேக்க தூக்கித்தான் வானில ஏத்தினவங்கள். பிறகு ஒரு கதையும் இல்லை. மனுசி வள்ளத்தையும் வித்துப்போட்டுத்தான் போனவ."

வள்ளத்தை ஏன் விற்றார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

கட்டைபறிச்சான் கொட்டியார் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரைத் தாண்டி. கிண்ணியாப் பாலத்துக் காற்றில் ஸ்கூட்டி ஓட எனக்குப் பயம். அதனால் அதை வீட்டில் விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். 9.20 பஸ், 9.35க்குத்தான் எடுத்தான். டிக்கெட் 210 ரூபாய். கடல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இடது பக்கம் இருங்கள். எனக்கு ஜன்னல் கிடைத்தும் பார்க்க முடியவில்லை. ஆறு என்று போட வேண்டி வந்தால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிப் போடுவது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வித்தாளை எடுத்து மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

10.50க்கு மூதூர். சந்தியில் ஓட்டோ வைத்திருந்த நஸீர் நானாவிடம் (அங்கே அண்ணனை நானா என்பார்கள்) விலாசம் இல்லாத விலாசத்தைச் சொன்னேன். சல்லியில் இருந்து வந்த, பாரிசவாதம் வந்த ஒருவர்.

"ஒரு கை ஏலாத ஆள்தானே? ஏறுங்க. அவர்ட மச்சான்ட வீட்டில இருக்கார். போக வர, நிக்கிறதுக்கும் சேத்து ரெண்டாயிரம் தாங்க."

"ஆள் நடக்கிறாரோ?" என்றேன்.

"போன கிழமை கடையில கண்டனான். பீடி வாங்க வந்தவர்."

ஓட்டோவுக்குள் இருந்து நான் அழுதது நஸீர் நானாவுக்குக் கண்ணாடியில் தெரிந்திருக்கும். பீடி குடிக்கக்கூடாதே என்ற எண்ணம் எனக்கு ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. அறுவடைக் காலம். வீதியின் ஒரு பாதி முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். ஐந்து கிலோமீற்றரையும் எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் ஓடினோம்.

வீட்டு வாசலில் ஒருவர் வலது கையில் வாளியோடு கிணற்றில் இருந்து வந்துகொண்டிருந்தார். இடது கால் கொஞ்சம் இழுத்தது. "யோகராசா அண்ணையின்ட வீடு இதுவோ?" என்று அவரிடமே கேட்டேன்.

"நான்தான்."

அவருடைய மண்டைக்குள் எது எங்கே கறுத்திருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். முகம் தெரியவில்லை.

உள்ளே கதிரை போட்டார்கள். அவருடைய மனைவி புஸ்பம் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று நான் மாஸ்க் போட்டிருந்தேன். வைத்தியசாலையில் இருந்து விசாரிக்க வந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினேன். தானாக நடக்கிறாரா? ஓம். குளிக்கிறாரா, உடுக்கிறாரா? ஓம், சாரம் கட்ட மட்டும் நேரம் எடுக்கும். கடைசிக் கேள்வி: முன்பு செய்த வேலைகளை எல்லாம் இப்போதும் செய்ய முடிகிறதா?

யோகராசா அண்ணை சிரித்தார். "கடலுக்குப் போறதுதான் என்ட வேலை. வள்ளம் இல்லை. இருந்தா ஏலுமோ ஏலாதோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"நான்தான் வித்தனான்" என்றார் புஸ்பம் அக்கா. குசினி வாசலில் நின்றார். "ஒன்பதாம் நாள் வித்தனான். அங்க ஸ்கான் எடுக்கிற மிஸ் ஒருத்தி சொன்னவ, நடக்க மாட்டார் எண்டு. அவைக்குத் தெரியும்தானே."

பேனையை வைத்தேன். சொல்லாமல் எழும்பி வந்திருக்கலாம். எண்ணைப் போட்டுக்கொண்டு 12.30 பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"அக்கா, அது நான்தான்."

அவர் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தார். முற்றத்தில் நஸீர் நானா போனில் கதைப்பது கேட்டது.

"நீங்களோ" என்றார். பிறகு, "நீங்கள் கஷ்டம் எண்டுதான் சொன்னனீங்கள். இப்ப யோசிக்க அந்தச் சொல்லுத்தான் வருது. நான்தான் ஏலாது எண்டு விளங்கிக்கொண்டன்."

"நான் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை. அந்த எண் பத்துப் பேரில ஒராள் நடக்கக்கூடும் எண்ட மாதிரித்தான். நான் அதையும் சரியாச் சொல்லேல்ல."

"எங்கட மூத்தவள் பிறந்த வருசம் எடுத்த வள்ளம் அது." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

யோகராசா அண்ணை எழும்பினார். "வாங்கோ, ஏலுமோ எண்டு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் முந்நூறு மீற்றர் போனால் களப்பு, கடலோடு சேர்ந்த ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. அங்கே மச்சானின் சின்னத் தோணி கட்டியிருந்தது. புஸ்பம் அக்கா வழி முழுக்க, "போகாதேங்கோ, அவ கேட்டதுக்கு வாயால சொன்னாக் காணும்" என்று சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார். நானும் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. நஸீர் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோணியைப் பிடித்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்தார், இடது கை வழுக்கியது. திரும்பப் பிடித்தார், திரும்ப வழுக்கியது. தோணி ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்க, நஸீர் நானா எட்டிப் பிடித்தார்.

"விடுங்க நானா."

"விழுந்தா?"

"விழுந்தா நீந்துவன். விடுங்க."

விட்டார். யோகராசா அண்ணை முழங்காலில் இருந்துகொண்டு, துடுப்பின் தலையை வலது தோளில் முட்டுக்கொடுத்து, ஒற்றைக் கையால் வலித்தார். இருபது மீற்றர் இருக்கும். கோணலாகப் போய், கோணலாகத் திரும்பி வந்தார். இறங்கும்போது உடம்பெல்லாம் நடுங்கியது. கரையில் இருந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"கடலுக்கு ஏலாது. எஞ்சின் கயிறு இழுக்க இந்தக் கை விடாது. களப்புக்கு ஏலும். அப்பிடி எழுதுங்கோ."

எழுதினேன். எண் இரண்டு. தன் வேலைகளைத் தானே பார்க்கிறார், பழைய தொழில் முழுவதும் முடியாது என்று அர்த்தம்.

"அப்ப நான் வித்தது சரியோ?" என்று புஸ்பம் அக்கா கேட்டார். என்னிடம் கேட்டாரா யோகராசா அண்ணையிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. புஸ்பம் அக்காவே சொன்னார்: "சரி எண்டு நான் சொல்ல மாட்டன். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தா வித்திருக்க மாட்டன். எங்களுக்கு ஒரு வள்ளம் இருந்திருக்கும், ஆள் வச்சாவது ஓட்டியிருக்கலாம்." சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். மீன் குழம்பும் சோறும். அவர் என்னோடு இருந்து சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எண்ணைப் பார்த்து, "ரெண்டா? நிரல் நடக்கப் பத்தில ஒண்டும் இல்லை எண்டல்லோ சொன்னது" என்றார். பிறகு வாசலில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவரைச் சேர்க்க ஏலாது. வீட்டுக்காரருக்குச் சொன்ன பிறகு அது சுத்தமான தரவு இல்லை."

"அவர் நடக்கிறார், டொக்டர்."

"தெரியுது. ஆனா வள்ளம் இருந்திருந்தா என்ன எண் வந்திருக்கும் எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அது உண்மை. ஒரு கிழமை யோசித்துவிட்டு, குறிப்போடு அவரைச் சேர்த்துக்கொண்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம். எண் காட்டும் திரையை ஸ்கான் அறையில் இருந்து எடுத்துவிட்டார்கள். கேள்வித்தாளில் இப்போது புதிதாக ஒரு கேள்வி இருக்கிறது: வீட்டாருக்கு என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னது?

இனிப் போகிறவர்களுக்கு. திருகோணமலை–மூதூர் பஸ் காலையில் அடிக்கடி இருக்கிறது, ஆனால் சொன்ன நேரத்துக்கு எடுக்கும் என்று நம்ப வேண்டாம், கால் மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைபறிச்சானுக்கு ஓட்டோ பேசும்போது திரும்பி வருவதையும் சேர்த்துப் பேசுங்கள். அங்கே நின்று வேறு ஓட்டோ பிடிப்பது கஷ்டம். அறுவடை நேரம் நெல் காயும் வீதியில் அவசரப்படாதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள்.

நோயாளியோடு எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கும் ஒன்று. படமும் இரத்தமும் பலதைச் சொல்லும். நான் அந்த வேலையில் இருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்தில் ஒருவர் என்றால், அந்த ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் வாளியோடு கிணற்றடியில் நிற்கிறார் என்றும் அர்த்தம். ஸ்கான் எடுக்கிறவர், இரத்தம் எடுக்கிறவர், வாசலில் நிற்கிறவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். டொக்டரிடம் கேளுங்கள், விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். கேட்ட கிழமையே எதையும் விற்காதீர்கள். உடற்பயிற்சி கிளினிக்கை விடாதீர்கள். யோகராசா அண்ணை மூதூருக்குக் கிளினிக் நாள் ஒன்றும் விடாமல் போயிருக்கிறார், நஸீர் நானாவின் ஓட்டோவில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன வியாழக்கிழமை புதிய இலக்கத்தில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. புஸ்பம் அக்கா. அண்ணை மச்சானோடு களப்பில் இறால் பிடிக்கப் போகிறாராம், பீடியை இன்னும் விடவில்லையாம். பிறகு கேட்டார்: "இந்த வாதம் இவருக்குத் திரும்பவும் வருமோ தங்கச்சி?"

"எனக்குத் தெரியாது அக்கா. வாற செவ்வாய் எங்கட கிளினிக் இருக்கு, கூட்டிக்கொண்டு வாங்கோ. டொக்டரிட்டக் கேப்பம். நானும் கூட வந்து நிக்கிறன்."

"எத்தின மணிக்கு?"

"ஏழு மணி பஸ்ஸை எடுங்கோ. எட்டரைக்கு நான் வாசலில நிப்பன்."