அரைமணிக்கு ஒரு பெயர்

“பெயர்?” என்று பிணவறை எழுத்தர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

வெர்டெல் மறுபடியும் “அரைமணி” என்றாள். இறந்தவர் டிரம்ஸ் வாசிப்பவர். எல்லா இரவும் அரைமணி தாமதமாக வருவார், அதனால் அந்தப் பெயர். வாடகை அறையில் மாரடைப்பில் இறந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு காகிதமும் இல்லை.

“பத்தொம்பது வருஷப் பழக்கங்கிற, பேரு தெரியாதுங்கிற. சொந்தக்காரங்க யாராச்சும் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். இல்லாட்டி நாங்களே பொதைச்சிருவோம். கல்லுல நம்பர்தான் இருக்கும்.”

வைலி அவென்யூவில் முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கிரீன் லாம்ப் என்ற இசை கிளப். கீழ்நகரத்து ஓட்டல்களில் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்து முடித்த கறுப்பின இசைக்காரர்கள், தங்களுக்காக வாசிக்க மேட்டுக்கு ஏறி வருவார்கள். வெர்டெல் வாசலில் வருபவர்களின் கோட்டுகளை வாங்கி வைப்பாள். அடையாளச் சீட்டு கொடுத்ததில்லை, எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அரைமணியின் கோட்டில் உள்துணி கிழிந்தபோது அவளே தைத்தாள். பெயர் கேட்டதில்லை. அங்கே வாசித்த நாங்கள் யாரும் கேட்கமாட்டோம். முழுப்பெயர் கேட்பவன் போலீஸ்காரன், இல்லையென்றால் விட்டுவந்த மனைவியின் வக்கீல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் நகராட்சி தெருவையே இடித்தது. ஆளுக்கொரு பக்கம் போனோம். மறு வருடம் அரைமணி இறந்தார்.

பிணவறையிலிருந்து கிளம்பி அன்று முழுவதும் வெர்டெல் பஸ் மாறி மாறி எங்களைத் தேடி வந்தாள். அரைமணியின் ஊர் அலபாமா என்றார் ஒருவர், ஜார்ஜியா என்றார் இன்னொருவர். டிரம்பெட் வாசித்த க்ளியோபஸ் சிரித்தார்.

“அவன் பேரு அவனுக்கே மறந்திருக்கும்க்கா.” பிறகு சிரிப்பு நின்றது. “நாம ஒரு தடவ கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா மறுநாளே ஓடியிருப்பான்,” என்றாள் வெர்டெல்.

வெள்ளிக்கிழமை காலை அதே எழுத்தர்.

“லூதர் ஸ்டோக்ஸ். என் தம்பி.”

“நேத்து சொல்லலியே?”

“துக்கத்துல சொல்ல வாய் வரல.”

எழுத்தர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து அவளிடம் நீட்டினார். பிறகு தாளை நகர்த்தினார். லூதர் அவளே வைத்த பெயர், ஸ்டோக்ஸ் அவளுடைய குடும்பப் பெயர். இனி எங்கிருந்தாவது அரைமணியின் சொந்த அக்கா தேடி வந்தால், அந்தப் பதிவேட்டில் அவர் கிடைக்கமாட்டார். அது தெரிந்தே கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அடக்கம் நடந்தது. ஒன்பது பேர் வந்திருந்தோம். தூறிக்கொண்டிருந்தது. பாதிரியார் லூதர் ஸ்டோக்ஸுக்காக ஜெபம் செய்தார். பன்னிரண்டு மணி பஸ்ஸில் வெர்டெல் சலவைக்கடை வேலைக்குப் போனாள்.