அப்ரண்டிஸ் மேடம் வந்திருக்காங்க

ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளைத் தொழில் பழகக் கம்பெனிகளில் சேர்த்துவிடும் வேலையில் முதல் பாடமே, எதிரில் இருப்பவர் நம்மை நம்பவில்லை என்பதைக் கண்டுகொள்ளாமல் பேசுவதுதான். அப்ரண்டிஸ் திட்டத்தை இப்போது மாற்றியிருக்கிறார்கள். பதிவெல்லாம் ஆன்லைனில். உதவித்தொகையில் ஒரு பங்கு அரசிடமிருந்து நேராகப் பிள்ளையின் கணக்குக்கு வரும். கடைசியில் பரீட்சை, தேறினால் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் முகம் மாறிவிடும். படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குத் தெரியும்.

ஓ.டி.பி. கேட்டவள்

தென்னேரியில் வெண்ணிலா என்று ஒரு பெண். எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். பதிவு செய்ய அவள் வீட்டுக்குப் போனேன். ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். அந்த போன் அவள் அம்மாவிடம் இருந்தது. வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்றதும் அவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிறகு என்னை ஒரு போட்டோ எடுத்தார்.

இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தேன். அவர் வாசற்படியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஓ.டி.பி. கேக்கறவங்க யாரும் நல்லவங்க இல்லன்னு பேங்க்லயே சொல்லிக்கினு இருக்காங்கமா. நீங்க உக்காருங்க, எங்க வீட்டுக்காரர் வந்துக்கினு இருக்காரு."

விடுமுறை விட்ட நோட்டு

வீட்டுக்காரர் வந்து, ஐ.டி.ஐ. வாத்தியாருக்கு போன் போட்டு விசாரித்த பிறகுதான் பதிவு நடந்தது. வெண்ணிலாவை ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்த்தேன். நாலு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது பயிற்சி நோட்டைக் கேட்டேன். எந்த நாளில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். இது புது ஏற்பாட்டில் கண்டிப்பு.

நோட்டு அழகாக இருந்தது. மோட்டார் வைண்டிங், பேனல் வயரிங், எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. புரட்டிக்கொண்டே போனால், அடுத்த மாதம் கற்கப்போகிறதையும் கற்று முடித்துவிட்டதாக எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். பயிற்சிப் பொறுப்பாளரிடம் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு என் சந்தேகம் எதன் மேல் என்றே விளங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை, பொங்கல் லீவு எல்லாம் கரெக்டா விட்டுத்தான் மேடம் எழுதியிருக்கோம்."

கோயிலுக்குள் வாங்க

வெண்ணிலாவிடம் அங்கேயே கேட்டேன். நல்லா சொல்லித் தராங்க என்றாள், பொறுப்பாளரைப் பார்த்தபடி. ஆனால் விரல் நுனியெல்லாம் ஸ்டிக்கர் பசை காய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய காஞ்சிபுரத்துக்கு வரச் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நின்று பேச மாட்டேன் என்றாள், கம்பெனி வேன் அந்தப் பக்கம் வருமாம். ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் போய்ப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். அங்கும் அவள் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கம்பெனியும் ஒன்று என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அவளை அங்கே கொண்டுபோய் விட்டவளே நான்தானே.

பிறகு சொன்னாள். சேர்ந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டுகிறாள். ஸ்க்ரூடிரைவரைக் கூடக் கையில் கொடுக்கவில்லை. இப்படியே பரீட்சைக்குப் போனால் தேற மாட்டாள். வாயைத் திறந்தால் வெளியே அனுப்புவார்கள். இவ்வளவையும் சொல்வதற்கு முன் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "உங்க போனை ஆஃப் பண்ணி என் கையில குடுங்க மேடம், அப்புறம் பேசறேன்."

யார் ஏவிவிட்டது

நோட்டில் இருப்பது பொய் என்று எழுத வேண்டிய ரிப்போர்ட்டை மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அந்தக் கம்பெனியை இழந்தால் என் சேர்க்கைக் கணக்கு குறையும், என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் சந்தேகம்தான். நாலாம் நாள் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி இரண்டு தடவை படித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். "உங்க சொந்தக்காரங்க யாருக்காவது அந்தக் கம்பெனியில வேலை கேட்டுக் கிடைக்கலயாம்மா?"

விசாரித்துக்கொள்கிறோம்

ஆனாலும் ஆய்வுக்கு ஆள் அனுப்பினார். வந்தவர்கள் நோட்டைப் பார்த்தார்கள், பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார்கள். மறு வாரமே கம்பெனியில் வெண்ணிலாவையும் அவளோடு சேர்ந்தவர்களையும் மோட்டார், பேனல் பார்க்கும் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெண்ணிலா பரீட்சையில் தேறினாள். வேறொரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இப்போது வேலை பார்க்கிறாள்.

போன மாதம் அவளை ஐ.டி.ஐ. பிள்ளைகளிடம் பேச அழைத்துப்போனேன். முன் வரிசையில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா நிஜமாகவே மோட்டார் வேலை கற்றுக்கொண்டார்களா என்று கேட்டாள். வெண்ணிலா சாக்பீஸை எடுத்து, மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வயரிங்கைப் போர்டு முழுக்க வரைந்தாள். அந்தப் பெண் எழுந்து போய், ஒவ்வொரு கோட்டையும் விரல் வைத்துப் பார்த்தாள். "சரியாத்தான்க்கா இருக்குது. ஆனா கம்பெனி பேரை எழுதிக் குடுங்க, நாங்களே போய் விசாரிச்சுக்கறோம்."

நான் பார்த்தவரையில் யாரும் சொல்லித் தராமலே இங்கே எல்லோரும் கசடறக் கற்ற ஒரே தொழில் சந்தேகப்படுவதுதான், அதில் நானும் இப்போது தேறிவிட்டேன்.