கம்பைலர் இறங்கிய வெள்ளிக்கிழமை

கையில் எடுத்தால் சுடும் அந்த வெள்ளை இணைய 'டொங்கிள்'. புத்தளத்தில் எங்கள் வீட்டின் கடற்களப்புப் பக்கத்து ஜன்னலில் மட்டுமே இணையம் கிடைத்ததால், அதை நீண்ட வயரில் ஜன்னல் கம்பியோடு கட்டி, சிக்னலைப் பிடிக்கவென்று பின்னால் ஒரு சட்டிமூடியையும் செருகியிருந்தோம். உப்புக்காற்றில் அந்த மூடி நாள்முழுதும் கடகடத்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கட்டாரில் வேலை செய்த வாப்பா அனுப்பிய கணினி, உம்மா தைத்த பூப்போட்ட உறைக்குள் முன்னறையில் இருந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, அவர் அங்குள்ள ஒரு இணையக் கடையில் கமரா முன் வந்து உட்காருவார். நாங்கள் உறையைக் கழற்றி அவர் முகத்தைப் பார்ப்போம். மாத டேட்டா அதற்கே சரியாக இருக்கும்.

அந்த மாதம், உயர்தர வகுப்பில் படித்த என் அக்கா, ராத்தாவுக்குக் 'கம்பைலர்' தேவைப்பட்டது. எழுதும் செய்நிரலைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தரும் அது இல்லாமல், திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலையை அவளால் முடிக்க முடியாது. கைமாறிக் கைமாறி வந்த சீடியோ கீறல் விழுந்து பாதியில் நின்றுவிட்டது. இணையத்தில் இறக்கினால், வாப்பாவை அடுத்த மாதம்தான் பார்க்கலாம். கேட்க ராத்தாவுக்கு வாய் வரவில்லை. வெள்ளி காலையில் உம்மாவே சொன்னார்:

"எறக்கு மகள். ஒரு வெள்ளி போனா உங்கட வாப்பா ஓடியா போகப் போறாரு?"

வாப்பாவிடம் சொல்ல உம்மா பலமுறை அழைத்தார், அவர் எடுக்கவில்லை. காற்று மூடியைச் சாய்த்தபோதெல்லாம் இறக்கம் நின்றதால், நான் ஜன்னலடியில் நின்று மூடியைப் பிடித்துக்கொண்டேன். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது எல்லாம் இறங்கியிருந்தது. ராத்தா அதை நிறுவித் திறந்ததும் ஒரு கறுப்புப் பெட்டியும் மினுங்கும் சிறு கோடும் தெரிந்தன.

"இன்னும் என்ன வரும்?" என்றார் உம்மா.

"அவ்வளவுதான் உம்மா."

"இதுக்காடி வாப்பாட முகத்தக் குடுத்தோம்?"

ராத்தா அவசரமாகச் சில வரிகள் எழுதி, இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டினாள். உம்மா சிரித்துவிட்டார். "இத என்னட்டக் கேட்டிருந்தா டொங்கிள் இல்லாமலே சொல்லியிருப்பனே!"

அந்தி மஃரிபுக்குப் பிறகு வாப்பா போனில் என்னோடு பேசினார். போனை அறையிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போய் நெடுநேரம் காத்திருந்தாராம். ஊர் வந்து திரும்பிய ஒருவரிடம் உம்மா கொடுத்தனுப்பிய மயில்நீலச் சேட் ஒன்றை, எங்களுக்குக் காட்டவென்று அன்றுதான் முதன்முதலாகப் போட்டிருந்தாராம். "அது கெடக்கட்டும், ராத்தாட சாமான் எறங்கிச்சா?" என்று கேட்டார். உம்மா போனை வாங்கி, "அளவு சரியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதத்துக்குள் அவரைத் தூரத்து வேலைத்தலம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்; அங்கே அப்படியொரு கடை இல்லை. அவர் ஊர் திரும்பும்வரை எங்களுக்குக் கிடைத்தது குரல் மட்டும்தான்.

ராத்தா இப்போது கொழும்பில் செய்நிரல் எழுதித்தான் சம்பாதிக்கிறாள். அந்த வெள்ளி வீண்போனது என்று யாரும் சொல்ல முடியாது. டொங்கிளும் இல்லை, சட்டிமூடியும் இல்லை. அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டோம். வாப்பாவோடு ஊர் வந்த சேட் மட்டும் அலுமாரியில் இருக்கிறது, வெயிலிலும் சலவையிலும் சாம்பலாகி. தையலோரத்தை உட்பக்கம் புரட்டினால் கொஞ்சம் நீலம் தெரியும்.