ஒற்றைச் சாவி

ஓசூரில் நாங்கள் குடியிருந்த மாடி அறைக்கு ஒரே சாவிதான். அதை மீட்டர் பெட்டிமேல் வைப்பான், இல்லையென்றால் கீழே டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவான் என் அறை நண்பன். ஷிஃப்ட் முடிந்து கால் கடுக்க வந்து போனில் கேட்டால், "போய்ப் பாக்குறது வரைக்கும் ரெண்டு எடத்துலயும் இருக்குன்னு நெனச்சுக்கோடே" என்பான். நாகர்கோவில்காரன். தினமும் பஸ் ஏறிப் பெங்களூர் போய் குவாண்டம் கணினி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்; அளந்து பார்க்கும்வரை ஒன்றே இரண்டு நிலையிலும் இருக்கும் என்பது அவர்கள் பாடம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அவனையே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கலாம்.

நான் புள்ளியியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். பெட்டியிலிருந்து நாலைந்து உதிரிபாகங்களை எடுத்து அளந்து, மொத்த லாட்டும் தேறுமா என்று சொல்கிற வேலை. "எங்க மெஷின் வந்துட்டா ஒனக்கு வேலை கெடையாதுடே" என்று சீண்டுவான். துருவித் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவன் கணினியும் ஒரு முறை அளந்தால் ஒரு விடையைத்தான் துப்பும். அதை நம்பலாமா என்று தெரிய, அதே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த விடை எத்தனை முறை வந்தது என்று எண்ணியாக வேண்டும். "அப்ப கடைசில என் வேலையத்தானடா செய்யற?" என்றேன். சிரித்தான். அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் கல்லாவியில் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு என்னோடு வந்த அவனை வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று, அவளுக்கும்தான். அவளைக் கட்டிக்கொள்கிறாயா இல்லையா என்று அவனிடம் கேட்டேன். "சரியும் இருக்கு, வேண்டாமும் இருக்கு. அவசரப்படுத்தாத" என்றான். கெலமங்கலத்திலிருந்து வந்த நல்ல சம்பந்தத்தை இவனுக்காக அப்பா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அவர்களும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? "கல்யாணத்த நூறு தடவ ஓட்டிப் பாத்து எண்ண முடியாதுடா, ஒரே தடவதான்" என்று கத்தினேன். ஒரு வழியாக, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டாரை அறைக்கு அழைத்து வா, நேரில் சொல்கிறேன் என்றான்.

அப்பாவையும் தங்கையையும் பஸ் நிலையத்திலிருந்து அழைத்து வந்தேன். கதவு பூட்டியிருந்தது. மீட்டர் பெட்டிமேல் தடவினேன், தூசிதான். டீக்கடைக்காரர் "கீ இல்லா சார்" என்று கன்னடத்தில் கையை விரித்தார். இவன் போனை அணைத்து வைத்திருந்தான். அப்பா படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. தங்கைதான் பேசினாள்: "ரெண்டு எடத்துலயும் இல்லண்ணா. எனக்குப் பதில் கெடச்சிருச்சு. கெலமங்கலத்துக்காரங்கள வரச் சொல்லுப்பா." திரும்பும் பஸ்ஸில் ஏறியவள் ஜன்னல் பக்கம் வைத்த முகத்தைத் திருப்பவே இல்லை. அன்றைக்குப் பூட்டை உடைத்துத்தான் அறைக்குள் போனேன். அவன் பெங்களூரிலேயே தங்கிவிட்டான்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டான். பேச்சுவாக்கில், "அன்னைக்கு வந்திருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன், எழுபது சதவீதம்" என்றான். எத்தனை தடவை ஓட்டி எண்ணினாய் என்று கேட்டேன். பேச்சை மாற்றினான். "அந்தச் சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்குடே" என்றான். எங்கேடா வைத்திருக்கிறாய் என்றேன்.

"தேடிப் பாக்கணும்."