கார் போர்ச்சில் பெரட்டு

அப்பா குளியலறையில் இரண்டாவது முறை வழுக்கி விழுந்தபோது நான் சுங்கை காடுட் தொழிற்சாலையில் காலை ஷிப்டில் இருந்தேன். இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்து என் பெயரையே கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட வந்ததால் அவர் காதில் விழுந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்றோடு எனக்கு வேலையில் கவனம் போயிற்று, தூக்கமும் போயிற்று.

நீலாயில் இருக்கும் என் தம்பி போனிலேயே குடும்பம் நடத்துகிறவன். முதியோர் இல்லம் பார்க்கலாம், ஆனால் உணர்ச்சிவசப்படக் கூடாது, ஒரு தாளில் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது எழுது அக்கா என்றான். நீயும் வாயேன் என்றேன். மீட்டிங் என்றான். அவனுக்கு எப்போதும் மீட்டிங்தான்.

பக்கத்து ஊரான ராசாவில் ஒரு மூலை வீட்டை இல்லமாக மாற்றியிருந்தார்கள். நடத்துகிறவர் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் தாளும் பேனாவுமாகப் பின்னால் நடந்தேன். நல்லது: குளியலறையில் கைப்பிடி இருக்கிறது, எந்நேரமும் ஆள் இருக்கிறது, கோயில் பக்கம். கெட்டது: கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான், டிவியில் யாராவது அழுதுகொண்டே இருக்கிறார்கள், சாம்பாரில் காயைத் தேட வேண்டும். ஜன்னலோரம் ஓர் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து பேசிப் பல மாதமாகிறது என்றார் மிஸ்ஸி. அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா என் தாளைச் சட்டை செய்யவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக ஆள் மேய்த்தவர். வெளியே போய்ச் சாக்கடையைக் குனிந்து பார்த்தார். மொத்தம் எத்தனை பேர், வேலைக்கு எத்தனை ஆள் என்று மிஸ்ஸியை விசாரித்தார். பதினாலு பேருக்கு மூணு ஆளா என்று உதட்டைப் பிதுக்கினார். என் மானம் போயிற்று.

ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், ஆனால் அந்த வாரம் நீங்கள் வர வேண்டாம், வந்தால் மனம் ஒட்டாது என்றார் மிஸ்ஸி. அப்பா பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான், வேறு வழியில்லை. அவரை விட்டுவிட்டு வந்து அன்று மத்தியானம் நான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும், அப்படித் தூங்கியதற்காக அழுதேன். அழுது முடித்து மறுபடியும் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் மிஸ்ஸி போன் செய்தார். குரலே சரியில்லை.

"உங்கப்பா காலைல ஆறு மணிக்கு எல்லாரையும் எழுப்பி பெரட்டு எடுக்கிறாரு மா."

பெரட்டு என்றால், தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி மண்டோர் பெயர் கூப்பிடுவது. வந்தவருக்கு வேலை, வராதவருக்கு வசவு. இல்லத்தில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். அப்பா குரல் கொடுத்ததும் கைத்தடியும் சக்கர நாற்காலியுமாகக் கார் போர்ச்சுக்கு வந்துவிடுகிறார்களாம். ஒருவர் மட்டும் முடியாதென்று உட்கார்ந்துவிட்டாராம். அவர் தோட்ட ஆபீசில் பேனா பிடித்த கிராணி. கிராணியாவது, பெரட்டில் நிற்பதாவது! இரண்டு பேரும் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு, பிறகு சமாதானமாகிவிட்டார்கள். அப்பா பெயர் கூப்பிடுவார், கிராணி பழைய காலண்டர் தாளில் குறித்துக்கொள்வார். மிஸ்ஸிக்கு இதிலெல்லாம்கூடக் கோபமில்லை. அன்று காலை அப்பா மிஸ்ஸியின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார், மிஸ்ஸியும் தன்னையறியாமல் "இருக்கேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தம்பியைக் கேட்டேன். கோட்டுமேலேயே எழுது என்றான்.

எட்டாம் நாள் எனக்கு லீவு. விடிந்தும் விடியாமலும் போய்க் கேட்டுக்கு வெளியே நின்றேன். அப்பா சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, ஒரு கையால் தூணைப் பிடித்து நின்றார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஜன்னலோரத்து அம்மாவின் முறை வந்தது.

"வந்தாச்சு மண்டோரே," என்றார் அந்த அம்மா, தெளிவாக.

கடைசியாக அப்பா என் பெயரைக் கூப்பிட்டார்.

கிராணி தலை நிமிராமல் "வரல" என்று குறிக்கப் போனார். தினமும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, இருக்கேன்பா என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஏழு நாளு வரல. இன்னிக்கு லேட்டு."

உள்ளே போய், வீட்டுக்குப் போகலாம் வாங்க, நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அந்த நிமிஷம் உண்மையாகத்தான் சொன்னேன்.

"வேலைய விட வேணாம் லா," என்றார். "இங்க கூப்புட்டா பதில் வருதுமா."

ஷிப்ட் இல்லாத நாட்களில் ஆறு மணிக்கு முன்பே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். என் பெயர் இன்னும் கடைசியில்தான் வருகிறது.