கழுத்தைத் திருப்பிய அன்னம்

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் கோயிலைச் சேர்ந்த பழைய கல்மண்டபம் ஒன்று இருந்தது. காலையில் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, அறுந்த இழைகளைச் சேர்ப்போம். மண்டபத் தூண் ஒன்றில், கழுத்தைத் திருப்பித் தன் வாலையே கொத்துகிற அன்னம் செதுக்கியிருந்தது. அதை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் ஒரு புதுப் புடவைக் கரை யோசித்துக்கொண்டிருந்தார். தினமும் போய்ப் பார்ப்பார், வந்து கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி வைப்பார். முதல் புடவை தறியிலிருந்து இறங்கும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று எனக்குக் கட்டளை. முந்தின வருடம் எங்கள் கரை ஒன்றை வேறு யாரோ முந்திக்கொண்டு நெய்துவிட்டிருந்தார்கள்.

அப்படியிருக்க, ஒரு நாள் காலை கழுத்தில் கேமராவோடு ஓர் ஆள் வந்து அந்தத் தூண் முன்னால் குந்தினார். இத்தனை கோபுரங்களையும் விட்டுவிட்டு, அந்த அன்னத்தையே இப்படியும் அப்படியும் படம் எடுத்தார். எங்கள் கரையைத் திருட யாரோ அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன். கூட இழை சேர்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வேறு, "யக்கா, இந்த ஆளு நேத்தும் வந்தான். டேப்பு வச்சு அளந்துக்கினு இருந்தான்" என்று என் காதில் போட்டாள்.

நேரே போய்க் கேட்டேன். "யாருய்யா உன்னை அனுப்பினது?"

"பழைய கட்டடங்களைப் படம் எடுக்கிறேன்மா."

"இத்தாம் பெரிய ஊர்ல உனக்கு இந்த ஒரு தூணுதான் ஆப்டுச்சா?"

அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத்துக்கூட்டத் தெரியும். தெருவே பார்க்கிறது, படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டிவிட்டு, "இந்த மாதிரி லெட்டரு யாரு வேணா எழுதிக்கலாம்" என்றேன்.

பிலிம் சுருளில் வெயில் பட்டால் படம் போச்சு என்று என் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. "ரோலை உருவிப் போட்டுட்டுப் போ" என்றேன். சத்தம் கேட்டுத் தறியை விட்டு எழுந்துவந்த ஆண்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். அவர் கேமராவைத் திறந்து, அந்தக் கறுப்புச் சுருளை உருவி என் கையிலேயே வைத்தார். "மூணு நாள் வேலைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். கடிதம் என் கையிலேயே தங்கிவிட்டது.

சாயங்காலம், நூல் வாங்கப் போய்த் திரும்பிய வீட்டுக்காரரிடம் அதைப் பெருமையாக நீட்டினேன். படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாடி பண்ணி வச்சிருக்கே? மண்டபத்தைப் பிரிக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தூணையும் அளந்து படம் எடுத்து வைக்கச் சொல்லி, கோயில்ல குடுத்த லெட்டரு இது."

பஸ் நிற்கும் இடம்வரை ஓடிப் பார்த்தோம். ஆள் போய்விட்டிருந்தார். மறுநாள் விடிந்ததுமே மண்டபத்தைப் பிரித்தார்கள். இறக்கும்போது அன்னத்தின் கழுத்து உடைந்து தூளாகிவிட்டது.

அந்தக் கழுத்து திரும்புகிற இடத்துக்கு என் வீட்டுக்காரர் இன்னும் புள்ளி வைத்திருக்கவில்லை. பார்த்துப் போடத் தூணும் இல்லை, படமும் இல்லை. எத்தனையோ காகிதம் கிழித்தும் அந்த வளைவு அவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை. எங்கள் கரையில் அன்னம் நேராகத்தான் பார்க்கிறது.

அந்தப் புடவை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து மடிக்கும்போதெல்லாம், "எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா, நீயே படிச்சுச் சொல்லு" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் எதில் குறைந்துபோயிருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.